பத்து மீற்றர் என்று பெட்டியில் எழுதியிருந்தது

பெரியம்மாவின் மகன் நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அந்தப் பெட்டியைச் சுங்கத்தில் காட்டி, விளக்கம் சொல்லி, ஒருவழியாக என் வீடு வரை கொண்டுவந்து சேர்த்தான். தண்ணீருக்குள் பாவிக்கும் மெட்டல் டிடெக்டர். பெட்டியின் பக்கத்தில் நீலத் துளி ஒன்றின் படம். அதற்குக் கீழே 10 மீற்றர் என்ற எழுத்து. திருகோணமலையில் எங்கள் திருக்கடலூரில் ஒரு வீட்டுக்குப் பெட்டி வந்தால் அடுத்த ஒழுங்கைக்குச் செய்தி போக அரை மணி நேரம் போதும். அன்று மாலையே, வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் பக்கத்து வீட்டுச் சம்மாட்டி வந்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்து மீற்றர் தாழ்வில் கிடக்கிற பொன்னையும் இது காட்டுமோ தம்பி?" என்று கேட்டார். காட்டும் என்றேன். எனக்கும் அப்படித்தான் விளங்கியிருந்தது.

அந்தப் பத்து மீற்றர், தண்ணீர் உள்ளே புகாமல் கருவி தாங்கும் ஆழம். மணலுக்குள் கிடக்கும் மோதிரத்தை அது உணரும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண். இரண்டு ஆழத்தையும் ஒன்றாக நினைத்துக் காசு கொடுப்பவர்கள் என்னைப்போல் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எஞ்சின் திருத்துபவன். இருபது வருடமாக வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களோடுதான் பிழைப்பு. கடலில் விழுந்ததை எடுத்துத் தரச் சொல்லி ஆட்கள் வருவது வழக்கம்: கயிறு அறுந்த நங்கூரம், கழன்ற புரொப்பலர், ஒருமுறை பிடி இளகி முழு எஞ்சினே போய்விட்டது. அவற்றை முகமூடி போட்டு முழுகிக் கையால் தடவியே எடுத்துவிடுவேன். ஆனால் பங்குனி, சித்திரையில் கடல் படிந்த பிறகு உப்புவெளிப் பக்கம் குளிக்க வருகிறவர்கள் தொலைக்கும் மோதிரத்தைக் கையால் தடவி எடுக்க முடியுமா? விடுதிக்காரர்கள் கேட்டுக் கேட்டே என்னை இதற்குள் இறக்கினார்கள்.

கருவியை முடுக்கும் முன்னரே பொலிஸ் நிலையத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் நாட்டில் ஒருவன் இப்படியொரு கோலைத் தூக்கிக்கொண்டு நடந்தால் புதையல் தோண்டப் போகிறான் என்றே பார்ப்பவர்கள் முடிவு கட்டுவார்கள். பத்திரிகைகளில் அடிக்கடி வரும் கைதுச் செய்திகளைப் படித்தவர்களைக் குறைசொல்லவும் முடியாது. தொல்பொருட் சட்டம் 1940 இலிருந்தே இருக்கிறது. எங்கள் ஊரில் தொடக்கூடாத இடங்கள் வேறு ஊர்களைவிட அதிகம். கோணேசர் மலையின் அடிவாரக் கடலில் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களும் கற்களும் கிடக்கின்றன. 1950 களின் நடுப்பகுதியில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முழுகிக் கண்ட இடம் அது. அங்கே கருவியின் நுனியில் இருக்கும், உலோகத்தை உணரும் தட்டை ஆட்டச் சட்டமும் விடாது, எனக்கு மனமும் வராது. புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. துறைமுகத்துக்குள் கடற்படை. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சல்லியிலிருந்து அலஸ்தோட்டம், உப்புவெளி வரையுள்ள குளிக்கும் மணற்கரைதான். அதுவே எனக்குப் போதும்.

முதல் சோதனை கடலில் அல்ல, வீட்டுக் கொல்லையில் இருக்கும் நீலப் பீப்பாயில். இதில் மட்டும் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. புதுக் கருவியை வாங்கியவுடன் பற்றரியைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குவது மடத்தனம். ஒழுக்கு இருந்தால் அன்றே அதன் கதை முடிந்துவிடும். என்னுடையது நான்கு பென்டோர்ச் பற்றரி போடும் வகை. பற்றரிகளைக் கழற்றிவிட்டு, அந்த அறைக்குள் ஒரு டிஷ்யூத் தாளை மடித்து வைத்து, மூடியைத் திருகி, கல்லைக் கட்டிப் பீப்பாயின் அடியில் ஒரு இரவு விட்டேன். காலையில் தாள் மொரமொரவென்று அப்படியே இருந்தது.

ஆனால் பீப்பாயின் ஆழம் ஒரு மீற்றர்கூட இல்லை. கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. அந்தப் பற்றரி மூடி நான்கு சென்ரிமீற்றர் அகலம். பத்து மீற்றரில் அதன்மேல் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒரு ஞாயிறு காலை, கச்சான் காற்று எழும்பும் முன்னர், மருமகனின் வள்ளத்தில் போய்ப் பன்னிரண்டு மீற்றர் தண்ணீரில் நின்றோம். ஐந்தரைப் பாகத்தில், அதாவது ஏறத்தாழப் பத்து மீற்றரில், கயிற்றில் முடிச்சுப் போட்டு, அதே டிஷ்யூத் தாளுடன் கருவியை இறக்கிப் பதினைந்து நிமிடம் விட்டோம்.

ஏற்றித் துடைத்துத் திறந்தபோது தாளின் ஒரு மூலை நனைந்திருந்தது.

கருவியில்தான் பிழை என்று மருமகன் கொதித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியின் ஓ-ரிங் என்ற றப்பர் வளையத்தைக் கழற்றி, நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரேயொரு மணல், எள்ளில் பாதிகூட இல்லை. றப்பரில் அது குத்தியிருந்த பள்ளம் வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது. அது எப்படி வந்தது என்றால், என்னால்தான். நான் மெக்கானிக் அல்லவா? எஞ்சினுக்குப் போடுகிற கிரீஸை அள்ளி அப்பியிருந்தேன். அந்த வளையத்துக்கு சிலிக்கன் கிரீஸ், அதுவும் பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும். தண்ணீரை அடைப்பது றப்பர். கிரீஸின் வேலை அது முறுகாமல் வழுக்கிப்போய் உட்கார உதவுவது மட்டுமே. அள்ளிப் பூசினால் மணலைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். பெற்றோலிய கிரீஸ் சிலவகை றப்பரை ஊத வைத்தும் கெடுத்துவிடும். வளையத்தை மாற்றி, அது உட்காரும் தவாளிப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, மறுபடியும் அதே ஆழத்துக்கு இறக்கினேன். தாள் நனையவில்லை. அதற்குப் பிறகுதான் பற்றரி போட்டேன். கடற்கரையில் வைத்து மூடியைத் திறப்பதில்லை என்றும் அன்று தீர்மானித்தேன். இன்றுவரை அதை மீறியதில்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில் கருவியை ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் போனால் திரும்பும்போது கை வைக்க முடியாது. அந்தச் சூட்டோடு இருபத்தெட்டுப் பாகைக் கடலில் அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அறுபது பாகையிலிருந்து இறங்குவதாகக் கணக்குப் பார்த்தால் உள் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இன்னும் ஒரு மீற்றர் ஆழத்துக்குப் போனதற்குச் சமம். சூட்டில் விரிந்த காற்று கொஞ்சம் கசிந்து போயிருந்தால், முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதே கருவி தண்ணீரை உறிஞ்சப் பார்க்கிறது. இப்போது ஈரத் துவாயால் சுற்றி நிழலில் ஆறவிட்ட பிறகே இறங்குகிறேன்.

கருவியின் மற்ற பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தண்டு அலுமினியம், மூன்று துண்டு. திருகிப் பூட்டும் இடங்களில் மணல் சிக்கினால் இரண்டாம் நாளே இறுகிப்போகிறது, ஒவ்வொரு முறையும் மூன்றாகக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசத்தான் வேண்டும். கம்பியில்லா ஹெட்போன் ஒன்றையும் சேர்த்துத் தந்திருந்தார்கள். கரையில் அருமை. கடல் நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும், தலை தண்ணீருக்குள் போன கணமே அது ஊமை. கம்பி வைத்த, நீர் புகாத ஹெட்போனைத் தனியாக வாங்கினேன், விலை இங்கே எழுதும்படியாக இல்லை. கைப்பிடி அதிரும் வசதி இருப்பதால் காது இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனால் மெல்லிய சமிக்ஞைகள் கைக்கு எட்டாது.

தட்டைத் தண்டோடு பிணைக்கும் பிளாஸ்டிக் ஆணி மூன்றாம் வாரம் உடைந்தது. உடையாமல் என்ன செய்யும், தண்ணீருக்குள் வீசும்போது அவ்வளவு பாரம் அதில்தான் விழுகிறது. கடையில் இருந்த நல்ல துருப்பிடிக்காத எஃகு ஆணி ஒன்றை இறுக்கிப் போட்டுவிட்டு, இனி நூறு வருடத்துக்கு அசையாது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். கருவியை முடுக்கினால் ஓலம். மண்ணில் வைத்தாலும் ஓலம், வானத்தைப் பார்த்துப் பிடித்தாலும் ஓலம். உலோகம் தேடும் தட்டின் நடுவில் நானே உலோகத்தைச் செருகியிருக்கிறேன் என்பது விளங்கக் கால் மணி நேரம் ஆனது. மனைவி சிரித்து முடிக்க அதைவிட அதிகம். உற்பத்தியாளர் பிளாஸ்டிக் போட்டது காசை மிச்சப்படுத்த அல்ல. முழுகும்போது இடுப்பில் கட்டும் ஈயப்பட்டியும் கத்தியும் தட்டுக்குக் கிட்டப் போனால் இதே கூத்துத்தான். கைப்பிடிப் பக்கம் மிதந்து தொல்லை தந்ததற்கு, பாரமாக ஈயம் கட்டாமல், தண்டுக்குள் ஈர மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்தேன். இப்போது விட்ட இடத்தில் கிடக்கிறது.

இனி அந்த ஒரு சாண் கணக்கு. மனைவி தன் மோதிரத்தைத் தர மறுத்துவிட்டாள். கடலைப் பற்றி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே என்னுடைய அரைப் பவுண் மோதிரம், காந்தத்தில் ஒட்டாத பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம், சோடா மூடி, அலுமினியக் குவளையின் இழுவளையம், வலையில் பாரத்துக்குக் கட்டும் ஈய வலைக்குண்டு ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் தங்கூசி என்ற நைலோன் தூண்டில் நூலைக் கட்டி, மறுமுனையில் ஒரு சிறு மிதவை. இந்தத் தங்கூசியை மறந்தால் சோதிக்கப் போன மோதிரத்தையே தேடிக்கொண்டிருக்க நேரும்.

வெறும் காற்றில் மோதிரம் இருபத்துநான்கு சென்ரிமீற்றரில் கேட்டது. உலர்ந்த மணலில் இருபத்திரண்டு. இடுப்பளவு தண்ணீரில், கடல் அடி மணலில் பதினேழு, சில நேரம் பதினெட்டு. நாணயம் இவை எல்லாவற்றையும்விட ஐந்தாறு சென்ரிமீற்றர் கூட. எங்கள் கடலும் உப்புக் கடல்தானே, லீற்றருக்கு முப்பது கிராமுக்கு மேல் உப்பு; உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்; தட்டு அனுப்பும் காந்தப்புலத்துக்கு அந்தத் தண்ணீரே பெரிய உலோகம்போலத் தெரிகிறது. ஒற்றை அதிர்வெண்ணில் வைத்தபோது கருவி கோழிக்குஞ்சுக் கூடுபோலக் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பல அதிர்வெண்களை ஒன்றாக அனுப்பும் முறைக்கு மாற்றியதும் அடங்கியது. துடிப்பு முறையில் வேலை செய்யும் வேறொரு வகையும் இருக்கிறது, அதற்கு உப்பு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் தங்கத்தையும் துருப்பிடித்த ஆணியையும் பெரும்பாலும் ஒரே குரலில் சொல்லும் என்பதால் எங்கள் கரைக்கு அதை நான் விரும்பவில்லை.

கருவி மிக மோசமாக உளறும் இடம் ஆழத்தண்ணீர் அல்ல, அலை ஏறி இறங்கும் விளிம்பு. தட்டு ஒரு கணம் தண்ணீருக்குள், மறுகணம் வெளியே. ஒவ்வொரு முறையும் உப்பின் அளவு மாறுகிறது. தட்டு முழுதாக முழுகியே இருக்கும் முழங்கால் ஆழத்துக்குப் போய்விட்டால் அமைதி. எங்கள் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை, வற்றும்வரை காத்திருந்து ஈர மணலில் தேடும் வசதி நமக்குக் கிடையாது. நின்று தேட வேண்டிய இடம் தண்ணீருக்குள்தான்.

உணர்திறனை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்று நினைத்து முதல் பத்து நாளும் உச்சத்திலேயே வைத்திருந்தேன். இரைச்சலும் சேர்ந்து கூடியது. அந்த இரைச்சலுக்குள் மோதிரத்தின் மெல்லிய குரல் அமுங்கிப்போனது. மூன்றில் ஒரு பங்கு குறைத்ததும்தான் அந்தப் பதினேழு சென்ரிமீற்றர் கிடைத்தது. வீச்சின் வேகமும் அப்படித்தான். தண்ணீர் தட்டைத் தள்ளும். நாம் எதிர்த்து வேகமாக இழுத்தால் தட்டு மேலே எழும்பி, ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு சாண் உயர்ந்துவிடும். நம்மிடம் இருப்பதே ஒரு சாண். அடியைத் தடவிக்கொண்டு மெதுவாக, வலப்புறமும் இடப்புறமும் ஒரு முழத்துக்கு மேல் போகாமல் வீசப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

பிறகு ஒருநாள் குச்சவெளிக்குக் கொண்டுபோனேன். அங்கே சில இடங்களில் கரையோரம் மை கொட்டியதுபோலக் கறுப்பு மணல் வரி வரியாக ஓடும். இன்னும் வடக்கே புல்மோட்டையில் இல்மனைற்று, ரூற்றைல், சேர்கோன் என்று வெட்டி எடுத்து ஏற்றுமதி செய்கிறார்களே, அதே வகை மணல். கணினி வன்தட்டிலிருந்து கழற்றிய வலுவான காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அதன்மேல் இழுத்தால் தாடிபோல ஒட்டிக்கொண்டு வரும். அந்த மணலில் என் அரைப் பவுண் மோதிரம் பதினொரு சென்ரிமீற்றரோடு மௌனமாகிவிட்டது. தட்டை நிலத்துக்கு மேலாக ஏற்றி இறக்கி, மணலின் சொந்தச் சமிக்ஞையைக் கருவி கழித்துவிடும்படி சமன் செய்யும் வேலையைப் பத்தடிக்கு ஒருமுறை புதிதாகச் செய்தேன். பதின்மூன்று வரை வந்தது, அவ்வளவுதான். மஞ்சள் மணலில் எடுத்த கணக்கைக் கறுப்பு மணலுக்குக் கொண்டுபோகக் கூடாது. கருவியை விற்பவர்கள் காட்டும் காணொளிகள் எல்லாம் வெண்மணலிலேயே எடுக்கப்படுவதன் இரகசியமும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

திரையில் தெரியும் எண்ணை நம்பியும் ஏமாந்தேன். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு எண் வரும். என் மோதிரத்துக்கு வந்த எண்ணுக்கும் வலைக்குண்டுக்கு வந்த எண்ணுக்கும் இரண்டுதான் வித்தியாசம், இழுவளையம் இரண்டுக்கும் நடுவில். தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுக்கிற கரை இது. மணலுக்கடியில் தங்கத்தைவிட ஈயம் பல்லாயிரம் மடங்கு. வெளிநாட்டு அறிவுரைப்படி அந்த எண்களை ஒதுக்கிவிட்டால் தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடும். வேறு வழியில்லை, தோண்டத்தான் வேண்டும்.

தோண்டக் கூடாததும் இருக்கிறது. தட்டு முழுவதும் நிறையும் பெரிய இரும்புச் சமிக்ஞை, எவ்வளவு உயர்த்தினாலும் விடாமல் கேட்பது, எங்கள் ஊரில் ஆசைப்பட வேண்டியதல்ல. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் இது. பிறகு இருபத்தாறு வருட உள்நாட்டுப் போர். ஒருமுறை சாம்பல்தீவுப் பக்கம் அப்படியொன்று கேட்டது. கையால் மணலை விசிறிப் பார்க்கும் ஆவல் வந்தது உண்மைதான், ஆனால் விசிறவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கரையேறி, இடத்தை அடையாளம் வைத்து அறிவித்துவிட்டு வந்தேன். அது பழைய எண்ணெய்ப் பீப்பாயாகவும் இருந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆடி மாதம் வவுனியாவிலிருந்து கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று உப்புவெளியில் குளித்தபோது அந்த வீட்டு அக்காவின் சங்கிலி போய்விட்டது. மெல்லிய ஒற்றைச் சங்கிலி, முக்கால் பவுண். என் மோதிரத்தைவிடப் பொன் கூட என்பதால் சுலபமாகக் கேட்கும் என்று நம்பி இறங்கினேன். இரண்டு நாள், காலையில் மூன்று மணி நேரம் வீதம், கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தேடினேன். இருபத்தாறு வலைக்குண்டு, சோடா மூடிகள், ஒரு சாவி. சங்கிலி இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியின் சங்கிலியை மேசையில் வைத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, தட்டைக் காட்டினேன். மூன்று சென்ரிமீற்றரில்தான் முனகியது. அதுவும் கொளுவி இருந்த இடத்தில் மட்டும். மோதிரம் மூடிய ஒற்றை வளையம், அதற்குள் மின்னோட்டம் முழுதாகச் சுற்றி வரும். சங்கிலியிலோ ஒவ்வொரு கண்ணியும் தனித்தனித் துணுக்கு. கருவிக்கு அது பொன் அல்ல, பொன் தூள். இதை மேசையில் முதலிலேயே செய்து பார்த்திருந்தால் அந்த அக்காவுக்கு இரண்டு நாள் நம்பிக்கை கொடுத்திருக்க மாட்டேன். இப்போது யாராவது தேடச் சொல்லி வந்தால் நான் முதலில் கேட்பது எங்கே விழுந்தது என்றல்ல. மோதிரமா, சங்கிலியா, பதக்கம் உண்டா என்று.

மோதிரங்கள் மூன்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மூன்றும் விழுந்து ஒரு நாளைக்குள் கூப்பிட்டவை, மூன்றும் ஒரு சாணுக்குள் கிடந்தவை. வாடைக் காலம் ஒன்று கடந்துவிட்டால் மணல் புரண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கூலி கேட்பதில்லை, தந்தால் வாங்குவேன். பற்றரியும் சிலிக்கன் கிரீஸும் சும்மா வருவதில்லை.

சம்மாட்டி இன்னமும் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். பொன்னைப் பற்றி இப்போது அவர் கேட்பதில்லை. வாசலில் வைத்திருக்கும் பெயின்ற் வாளியைத் தூக்கிப் பாரம் பார்த்து, "இந்த முறை நாலு கிலோ வருமே தம்பி" என்று சொல்லி, தன் வலைக்கு வேண்டிய ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாரத்தில் முடிந்துகொண்டு போகிறார். சிலவற்றைக் கையில் எடுத்ததும் இது தன் அப்பா உருக்கி வார்த்தது என்கிறார்.